திவால் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

ஒரு கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது என்று செய்தி வரும். சில மாதம் கழித்து "உயர் நீதிமன்றம் தடை" என்று இன்னொரு செய்தி வரும். உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "இதற்கென்றே தனிச் சட்டம், தனித் தீர்ப்பாயம் எல்லாம் இருக்கிறதே, உயர் நீதிமன்றம் ஏன் மூக்கை நுழைக்கிறது?" என்று ஒரு கட்சி கேட்கும். "நல்லவேளை, தட்டிக் கேட்க ஒரு கோர்ட்டாவது இருக்கிறது" என்று மறு கட்சி பெருமூச்சு விடும். முதல் கட்சியில் பெரும்பாலும் வங்கிக்காரர்களும், கம்பெனியை வாங்கக் காத்திருப்பவர்களும் இருப்பார்கள். இரண்டாவதில் கம்பெனியைப் பறிகொடுக்கப்போகிற முதலாளிகள், அரசுத் துறைகள், பாக்கி வரவேண்டிய சின்ன சப்ளையர்கள்.

நான் வக்கீல் இல்லை. கணக்குப் பார்க்கிறவன். சரக்கு கொடுத்துவிட்டுப் பணம் வராமல் நிற்கிற சப்ளையர்களுக்கு, திவாலான கம்பெனியிடம் பாக்கியைக் கோரும் படிவம் பி நிரப்பிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் இந்தத் தீர்ப்புகளைப் படித்தே ஆக வேண்டிய கட்டாயம். படிக்கப் படிக்க ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகிக்கொண்டே வந்தது. இரண்டு கட்சிகளும் கதவு திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்று சண்டை போடுகின்றன. கேள்வி அதுவே இல்லை. தீர்ப்பாயத்திடம் என்ன கேட்கப்பட்டது என்பதுதான் கேள்வி. கம்பெனியிடம் இருக்கிற சொத்தைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்டால் அது தீர்ப்பாயத்தின் வேலை. கம்பெனியிடம் இல்லாத ஒன்றை அரசிடமிருந்து வாங்கிக் கொடு என்று கேட்டால் அது வேறு வேலை.

இதை எனக்குப் புரியவைத்தது கர்நாடகத்துச் சுரங்க வழக்கு ஒன்று. அதைச் சொல்வதற்கு முன், பழைய கதை கொஞ்சம் தேவைப்படுகிறது.

இன்றைக்குத் திவால் விவகாரத்தில் உயர் நீதிமன்றத்தை வெளியாள் மாதிரிப் பேசுகிறோம். ஒரு காலத்தில் இது முழுக்க அதன் சொந்த வீடு. 1956ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் ஒரு கம்பெனியை இழுத்து மூட வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் கம்பெனி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதிகாரபூர்வக் கலைப்பாளர் அந்த நீதிமன்றத்தோடு ஒட்டியே இருப்பார். நலிந்த ஆலைகளுக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அதற்கொரு வாரியமும் இருந்தன. கடன் கட்டாத முதலாளிகள் அந்த வாரியத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் காலம் தள்ளினார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. 2016இல் புதுத் திவால் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பழைய வாரியம் கலைந்தது. கம்பெனிகளின் திவால் விவகாரம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது நாங்கள் எல்லோரும் என்சிஎல்டி என்று சொல்வதற்குப் போனது. அதன் மேல் என்சிஎல்ஏடி என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கும் மேல் நேரே உச்ச நீதிமன்றம். நடுவில் உயர் நீதிமன்றத்துக்கு இடமே வைக்கவில்லை. தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உள்ள விஷயங்களில் எந்த சிவில் நீதிமன்றமும் தலையிடக் கூடாது என்று 63ஆவது பிரிவில் எழுதியும் வைத்துவிட்டார்கள். சென்னையில் என்சிஎல்டி இருப்பது ராஜாஜி சாலையில். உயர் நீதிமன்றத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஆனால் நாடாளுமன்றம் போட்ட பூட்டு, அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவுக்குப் பொருந்தாது. ரிட் மனுவை, அதாவது அரசோ தீர்ப்பாயமோ செய்தது சட்டப்படி சரியா என்று நேரடியாகக் கேட்கும் மனுவை, விசாரிக்கும் அதிகாரம் அரசியல் சட்டமே உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. 1997இல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பாயங்களை எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளுங்கள், உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரம் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது, அதை எடுக்க முடியாது என்பது அதன் சாரம். ஆகவே உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கு எப்போதும் "உண்டு" என்பதே பதில். அதைப் பயன்படுத்த வேண்டிய நேரம் எது, ஒதுங்கி நிற்க வேண்டிய நேரம் எது என்பதில்தான் தகராறு முழுவதும்.

இப்போது சுரங்கத்துக்கு வருகிறேன்.

டிஃபின்ஸ் பேரைட்ஸ் என்று தொடங்கும் நீளமான பெயர் கொண்ட ஒரு கம்பெனி. கர்நாடக அரசு கொடுத்த சுரங்கக் குத்தகை ஒன்று அதன் கையில் இருந்தது. அந்தக் குத்தகை 2018 மே 25இல் முடிய வேண்டும். முடியும் முன்பே, 2017 ஆகஸ்டில், விதிகளை மீறிவிட்டீர்கள், குத்தகையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று அரசு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ரத்து உத்தரவு மட்டும் வரவில்லை. இந்த நிலையில் 2018 மார்ச் 12இல் சென்னை என்சிஎல்டி அந்தக் கம்பெனிக்கு எதிரான திவால் மனுவை ஏற்றுக்கொண்டது. திவால் நடவடிக்கை நடக்கும்போது கம்பெனியைக் கவனித்துக்கொள்ள இடைக்காலத் தீர்வு நிபுணர் ஒருவர் வந்து பொறுப்பேற்றார். குத்தகை முடிய இரண்டரை மாதம்கூட இல்லை.

சுரங்கச் சட்டத்தில் 2015இல் சேர்த்த 8ஏ என்ற பிரிவில் ஒரு சலுகை உண்டு. சொந்த ஆலைத் தேவைக்கு அல்லாமல் வெட்டியெடுக்கிற பழைய குத்தகைகள், நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால், 2020 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டதாகக் கருதப்படும். தீர்வு நிபுணர் அதைக் கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. சுரங்கக் கம்பெனியிடமிருந்து சுரங்கத்தை எடுத்துவிட்டால் விற்பதற்கு என்ன இருக்கும்? மேஜை நாற்காலியும் கணினியும்தான்.

அரசிடமிருந்து பதில் இல்லை. உடனே தீர்வு நிபுணர் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு! குத்தகை நீடிப்பதாக அறிவிக்கச் சொல்லி அவரே ரிட் மனு போட்டார். இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் வழக்கின் ருசியே. மனு நிலுவையில் இருக்கும்போதே, 2018 செப்டம்பர் 26இல், நிபந்தனைகளை மீறியிருக்கிறீர்கள், நீட்டிப்பு கிடையாது என்று அரசு உத்தரவு போட்டுவிட்டது. புது உத்தரவை எதிர்த்துப் புது ரிட் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பழைய மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் புது ரிட் போட்டார்களா என்றால், இல்லை. சென்னை என்சிஎல்டிக்குப் போய்விட்டார்கள்.

ஏன் போனார்கள் என்று ஊகிப்பது கஷ்டம் இல்லை. உயர் நீதிமன்றத்தில் அரசின் உத்தரவு சரியா தப்பா என்று வாதாட வேண்டும். நிபந்தனை மீறல் நடந்ததா என்ற கேள்வி வரும். தீர்ப்பாயத்தில் அந்த வம்பே வேண்டாம். மொரட்டோரியம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திவால் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து கம்பெனியின் மேல் வழக்குப் போட முடியாது, சொத்தைப் பிடுங்க முடியாது, கம்பெனி வசம் இருக்கிற இடத்திலிருந்து அதைக் காலி செய்யவும் முடியாது. குத்தகையை நீட்டிக்க மறுப்பதும் ஒரு வகையில் சொத்தைப் பிடுங்குவதுதானே என்பது வாதம். 2018 டிசம்பரில் என்சிஎல்டி அதை ஏற்றுக்கொண்டு அரசின் உத்தரவை ரத்து செய்தது. அரசு உயர் நீதிமன்றம் போய் அந்த ஆணையை ரத்து செய்ய வைத்தது. விவகாரம் மறுபடி விசாரணைக்காகத் தீர்ப்பாயத்துக்கே திரும்பியது. 2019 மே 3இல் தீர்ப்பாயம் இன்னொரு முறை கம்பெனிக்குச் சாதகமாகவே சொன்னதோடு, 2020 மார்ச் 31 வரைக்கும் குத்தகைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் முதல் தடவை படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடன் தகராறைத் தீர்க்க உண்டாக்கிய ஓர் அமைப்பு, மாநில அரசைப் பார்த்து, உன் மண்ணுக்குள் இருக்கிற கனிமத்தை வெட்டிக்கொள்ள இன்னாருக்கு அனுமதி எழுதிக் கொடு என்கிறது. அந்த அனுமதிக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கிற சட்டம் வேறு, துறை வேறு, கேட்பு முறை வேறு. ஒருவன் கடனாளி ஆகிவிட்டான் என்பதற்காக அந்தச் சட்டம் ஓரமாகப் போய் நின்றுகொள்ளுமா?

கர்நாடக அரசு மறுபடியும் ரிட் போட்டது. 2019 செப்டம்பர் 12இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் ஆணைக்குத் தடை விதித்தது. கம்பெனியை வாங்க முன்வந்திருந்த எம்பஸி நிறுவனம், தீர்வு நிபுணர், கடன் கொடுத்தோர் குழு ஆகிய மூன்று தரப்பும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடின. என்சிஎல்ஏடி என்ற மேல்முறையீட்டு அமைப்பு இருக்கும்போது உயர் நீதிமன்றம் எப்படி ரிட்டை எடுக்கலாம் என்பது அவர்கள் கேள்வி.

2019 டிசம்பர் 3இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். அமர்வில் நாரிமன், அனிருத்தா போஸ் இருவரும் இருந்தார்கள். சுரங்கச் சட்டத்தின் கீழ் அரசு எடுக்கிற முடிவு பொதுச் சட்டத்தை, அதாவது அரசின் அதிகாரம் பற்றிய சட்டத்தை, சேர்ந்தது. அதைச் சரி தப்பு என்று மறுஆய்வு செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உண்டு, ஒரு சட்டத்தால் பிறந்த தீர்ப்பாயத்துக்குக் கிடையாது. தீர்ப்பாயம் தன் அதிகாரத்தைத் தப்பாகப் பயன்படுத்தியிருந்தால், மேல்முறையீடு இருக்கிறது, அங்கே போ என்று சொல்லலாம். அதிகாரமே இல்லாமல் செய்திருந்தால் உயர் நீதிமன்றம் தாராளமாக உள்ளே வரலாம். தடை செல்லும். மேல்முறையீடுகள் தள்ளுபடி.

தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் வருமான வரி உதாரணம். வரித் தீர்ப்பாயம் ஒரு கம்பெனிக்கு எதிராகப் பெரிய வரித் தொகையை உறுதி செய்துவிட்டது என்று வையுங்கள். அந்தக் கம்பெனி திவாலாகிவிட்டால், வரிச் சட்டத்தில் உள்ள மேல்முறையீட்டை விட்டுவிட்டு என்சிஎல்டிக்குப் போய் இந்த வரியை ரத்து செய் என்று கேட்க முடியுமா? முடியாது அல்லவா? சுரங்கத்துக்கும் அதே நியாயம்தான். 25ஆவது பிரிவு தீர்வு நிபுணருக்கு ஒரு கடமை கொடுக்கிறது: கம்பெனியின் சார்பில் நீதிமன்றங்களிலும் மற்ற அமைப்புகளிலும் போய் வாதாட வேண்டும். எல்லாவற்றையும் என்சிஎல்டியே தீர்த்துவைக்கும் என்றால் அந்தக் கடமையைத் தனியாக எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பில் இன்னொரு பாதியும் உண்டு, அதை அரசுத் தரப்பு விரும்பியிருக்காது. இந்தத் திவால் மனுவே கூட்டுச் சதி, குத்தகையைக் காப்பாற்றிக்கொள்ள ஆளை வைத்துப் போட்ட மனு என்று கர்நாடக அரசு சொல்லியிருந்தது. அந்தக் காரணத்துக்காக உயர் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று அதே தீர்ப்பு சொன்னது. மோசடி நோக்கத்தோடு திவால் மனு போட்டால் தண்டிக்க 65ஆவது பிரிவு இருக்கிறது, அதைத் தீர்ப்பாயமே விசாரிக்கலாம். எல்லைக்கோட்டை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டார்கள் என்று நான் நினைப்பது இதனால்தான்.

கணக்குக்காரன் புத்தி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 மேயில் முடிந்த குத்தகைக்கு 2020 மார்ச் 31 வரை நீட்டிப்பு கேட்டுச் சண்டை. தீர்ப்பு வந்தது 2019 டிசம்பரில். ஜெயித்திருந்தாலும் நான்கு மாதம்கூட மிச்சம் இல்லை. இத்தனை வக்கீல் ஃபீஸும் திவால் நடவடிக்கையின் செலவுக் கணக்கில் ஏறும், அந்தச் செலவு 53ஆவது பிரிவின்படி எல்லோருக்கும் முதலில் எடுக்கப்படும். சரக்கு கொடுத்தவன் வரிசையில் எங்கோ பின்னால் நிற்பான்.

தீர்ப்பு வந்த அதே மாதம், டிசம்பர் 28இல், மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. உரிமம், அனுமதி, ஒதுக்கீடு, சலுகை எதையும் திவால் என்ற ஒரே காரணத்துக்காக ரத்து செய்யக் கூடாது, மொரட்டோரியக் காலத்தில் நடப்புக் கட்டணங்களைக் கட்டிக்கொண்டு வந்தால் போதும் என்று 14ஆவது பிரிவில் விளக்கம் சேர்த்தார்கள். எம்பஸி தீர்ப்பைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "திவால் என்ற காரணத்துக்காக" என்ற சொற்களை மறுபடி படியுங்கள். கர்நாடக அரசு மறுத்தது திவாலைக் காட்டி இல்லை, விதிமீறலைக் காட்டி. அவசரச் சட்டம் வேறொரு ஓட்டையை அடைத்தது.

அந்தச் சொற்களின் எடை 2021இல்தான் முழுதாகத் தெரிந்தது. குஜராத்தில் ஆஸ்டன்ஃபீல்டு என்ற சூரிய மின் கம்பெனி. மின்சாரத்தை வாங்க ஒரே ஒரு வாடிக்கையாளர்தான், குஜராத் ஊர்ஜா விகாஸ் நிகம். நீ திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டாய், ஒப்பந்தப்படி அதுவே மீறல், ஆகவே ஒப்பந்தம் ரத்து என்றது அந்த நிகமம். இங்கே என்சிஎல்டி தலையிடலாம் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஏனென்றால் தகராறு பிறந்ததே திவாலால். அதே ஆண்டு நவம்பரில் டாடா கன்சல்டன்சி வழக்கு. இடத்தையும் வசதிகளையும் தரும் ஒப்பந்தத்தை அவர்கள் ரத்து செய்தது சேவை சரியில்லை என்பதற்காக. திவாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, என்சிஎல்டி தலையிட்டது தவறு என்றது உச்ச நீதிமன்றம். இரண்டும் தனியார் ஒப்பந்த விவகாரங்கள், உயர் நீதிமன்றம் பற்றியவை அல்ல. ஆனாலும் உரைகல் ஒன்றுதான்: தகராறின் வேர் திவாலில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

இதுவரை படித்துவிட்டு, அப்படியானால் உயர் நீதிமன்றம் எப்போது வந்தாலும் சரிதான் என்று இரண்டாவது கட்சிக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அதே கர்நாடக உயர் நீதிமன்றம், வேறொரு வழக்கு.

அசோசியேட் டெக்கர் என்ற கம்பெனி 2018இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2020 பிப்ரவரியில் கடன் கொடுத்தோர் குழு, முகமது என்டர்பிரைசஸ் தான்சானியா என்ற நிறுவனத்தின் தீர்வுத் திட்டத்துக்கு, அதாவது கம்பெனியை எடுத்துக்கொண்டு கடன்களைத் தீர்க்கும் திட்டத்துக்கு, ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடம் கழித்து, 2023இல், பதவி பறிபோயிருந்த இயக்குநர் தரப்பிலிருந்து உயர் நீதிமன்றத்தில் ரிட். அந்தக் குழுக் கூட்டத்துக்கு 24 மணி நேர முன்னறிவிப்பு ஒழுங்காகத் தரப்படவில்லை, ஆகவே இயற்கை நீதி மீறப்பட்டது என்பது வாதம். 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக் குழுவின் முடிவை ரத்து செய்தது.

2025 ஜனவரி 3இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நரசிம்மா, மனோஜ் மிஸ்ரா அமர்வு அந்த உத்தரவைத் தூக்கிப் போட்டது. ரிட் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. திவால் சட்டம் தனக்குள்ளேயே முழுமையான ஒரு சட்டம், கூட்ட நோட்டீஸ் சரியா இல்லையா என்பதைத் தீர்ப்பாயத்திலேயே எழுப்பியிருக்கலாம், இவ்வளவு தாமதமாக வந்தவருக்கு இந்தக் கதவைத் திறந்திருக்கக் கூடாது என்றார்கள். கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்தார்களா என்பதைப் போல முழுக்க முழுக்கத் திவால் சட்டத்துக்குள் கிடக்கிற கேள்வி வேறு இருக்க முடியுமா? அதில் சுரங்கமும் இல்லை, பொதுச் சட்டமும் இல்லை.

இதற்குச் சில மாதம் முன்பு, 2024 அக்டோபரில், கேஎஸ்கே மகாநதி மின் கம்பெனி வழக்கிலும் இப்படித்தான். நடவடிக்கையைத் தள்ளிப்போடச் சொன்ன தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தள்ளிப்போடுவதற்குக் காரணமே இல்லை என்றார்கள். இழுத்தடிப்பவனுக்குத் தேவை வெற்றி இல்லை, வாய்தாதான். திவால் சட்டத்தில் 330 நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று 2019இல் எழுதி வைத்தார்கள். கட்டாயம் என்ற சொல்லை உச்ச நீதிமன்றத்தின் எஸ்ஸார் ஸ்டீல் தீர்ப்பு அதே ஆண்டில் தளர்த்திவிட்டது. நடைமுறையில் அந்தக் காலக்கெடுவுக்குள் முடிகிற வழக்கைப் பார்த்தால் எங்கள் ஆபீசில் அதைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்வோம்.

முதல் கட்சிக்காரர்களுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். உயர் நீதிமன்றம் வேண்டாம் என்று சொல்கிற அதே ஆட்கள், கம்பெனியை வாங்கி முடித்த பிறகு எங்கே போகிறார்கள்?

பினானி சிமென்ட்டை அல்ட்ராடெக் 2018இல் வாங்கியது. தீர்வுத் திட்டத்தில் எந்தக் கடனுக்கு எவ்வளவு என்று எழுதி, ஒப்புதல் வாங்கி, பணமும் கட்டியாகிவிட்டது. அதன் பிறகும் பழைய காலத்து வரிப் பாக்கியைக் கட்டு என்று வரித் துறை நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருந்தது. புது முதலாளி போனது ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்துக்கு, அதே 226ஆவது பிரிவின் கீழ். 2020 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் நோட்டீஸ்களை ரத்து செய்தது. திட்டத்தில் சேராத பழைய பாக்கிகள் எல்லாம் அழிந்துபோகும், அரசுப் பாக்கியும் சேர்த்துத்தான் என்று 2021 ஏப்ரலில் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியது. அதன் பின் இப்படி நோட்டீஸ் வந்தவர்கள் உயர் நீதிமன்றங்களுக்குப் போய் ரத்து உத்தரவு வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது.

வரித் துறை அனுப்புகிற நோட்டீஸ் அரசின் செயல். அதை அடிக்க ரிட்தான் சரியான ஆயுதம். இது எம்பஸி தீர்ப்பின் மறுபக்கம். அரசின் முடிவை என்சிஎல்டி புரட்டக் கூடாது என்ற விதி, வாங்குகிறவனுக்கு ஒரு நாள் இடைஞ்சல், இன்னொரு நாள் அனுகூலம்.

சரி, இதில் சப்ளையர் எங்கே? பாக்கி வராத ஒருவர் எங்களிடம் வந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சார், ஹைகோர்ட்ல ஒரு ரிட் போட்டா என்ன?" என்பதுதான். அட்டைப் பெட்டி சப்ளை செய்கிற ஒருவரிடம் சமீபத்தில் இதைப் பற்றி வெகுநேரம் பேச வேண்டியிருந்தது. அவர் கோரிய தொகையில் பாதிக்கு மேல் நிராகரிக்கப்பட்டிருந்தது. டெலிவரி சலானில் கையெழுத்து இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அவருக்கு ஆத்திரம். நியாயமான ஆத்திரம்தான், சரக்கு இறங்கிய கணக்கு கம்பெனியின் கிடங்குப் பதிவேட்டிலேயே இருந்தது.

"அண்ணே, உங்கள் பாக்கி எவ்வளவு என்பது திவால் சட்டத்துக்குள் இருக்கிற கேள்வி. இதற்கு ஹைகோர்ட் வராது. வந்தாலும் டெல்லியில் நிற்காது" என்றேன்.

"சுரங்கக்காரனுக்கு மட்டும் வந்துச்சே?"

"சுரங்கக்காரனுக்கு வரவில்லை, அண்ணே. அரசுக்கு வந்தது."

அவருக்கு அது பிடிக்கவில்லை. அரசுக்கும் பெரிய முதலாளிக்கும் ஒரு கதவு, எனக்கு ஒரு கதவா என்று கேட்டார். சட்டப்படி அப்படி இல்லை என்று என்னால் விளக்க முடியும். நடைமுறையில் அப்படித்தான் தெரிகிறது என்பதை மறுக்கவும் முடியாது. ஒரு ரிட்டுக்கு ஆகிற செலவு, பல சப்ளையர்களுக்கு வரவேண்டிய பாக்கியைவிட அதிகம். கடன் கொடுத்தோர் குழுவில் வங்கிகளுக்குத்தான் ஓட்டு, சரக்கு கொடுத்தவர்களுக்கு ஓட்டு இல்லை. 2020 மார்ச்சில் திவால் மனு போடுவதற்கான குறைந்தபட்சப் பாக்கியை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய்க்கு உயர்த்தியபோது, சின்ன சப்ளையர்களின் கையில் இருந்த ஒரே குச்சியும் போய்விட்டது. இதையெல்லாம் உயர் நீதிமன்றம் சரிசெய்ய முடியாது. நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை.

இடையில் ஒன்று. இவ்வளவும் கம்பெனிகளுக்கு. தனி ஆள் மஞ்சள் கடுதாசி கொடுப்பது, ஐ.பி. போடுவது என்று நம் பக்கம் சொல்வதெல்லாம் இன்னும் பழைய சட்டங்களில்தான் ஓடுகிறது: சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று இருக்கிற பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஆகவே சென்னைவாசி ஒருவர் இன்றைக்குத் திவாலானால் அவர் போகிற இடம் சென்னை உயர் நீதிமன்றமேதான், ரிட்டுக்காக இல்லை, நேரடியாக மனுப் போடவே. 1906இல் அர்பத்நாட் என்ற வங்கிக் கம்பெனி கவிழ்ந்து மதராஸே ஆடிப்போன காலத்திலும் அந்த விவகாரம் போனது அங்கேதான். அந்தக் கவிழ்ப்பின் சூட்டில்தான் அடுத்த வருடம் இந்தியன் வங்கி பிறந்தது.

அட்டைப் பெட்டிக்காரர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அவருடைய கோரிக்கையைக் குறைத்ததை எதிர்த்து என்சிஎல்டியில் மனுப் போட்டார், கிடங்குப் பதிவேட்டின் நகலோடு. ஆணை அவருக்கு எதிராக வந்தால் என்ன என்று கேட்டார். என்சிஎல்ஏடியின் சென்னை அமர்வு இருக்கிறது, முன்பு மாதிரி டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. 30 நாளுக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 15 நாள் கொடுப்பார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது.

அந்த 30 நாள் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஆர்டர் காப்பி கைக்கு வந்த நாளிலிருந்து என்று நினைத்துக்கொண்டு இலவச நகலுக்காகக் காத்திருப்பார்கள். திருச்சியைச் சேர்ந்த செதார் என்ற கொதிகலன் கம்பெனியின் கலைப்பாளரே அப்படிக் காத்திருந்து மேல்முறையீட்டை இழந்தார். ஆணை சொல்லப்பட்ட நாளிலிருந்தே நாள் ஓடும், சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டிருந்தால்தான் அது தயாராகிற நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஆணை சொன்ன அன்றைக்கே நகலுக்கு மனுப் போடச் சொல்லி வக்கீலிடம் சொல்லிவைத்திருக்கிறோம். ரிட் பேச்சை அவர் இன்னும் முழுதாக விடவில்லை. வக்கீலிடம் தனியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தாராம்.